வக்கீல் கைவிட்ட கிரிமினல் அப்பீலை மறுபடி திறக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை. ஹைகோர்ட்டில் அப்பீல், தண்டனை நிறுத்திவைப்பு, ஜாமீன். வருடங்கள் ஓடுகின்றன. ஒருநாள் விடியற்காலை போலீஸ் வாரன்டோடு வாசலில் நிற்கும்போதுதான் அப்பீல் தள்ளுபடியான சங்கதியே வீட்டாருக்குத் தெரிய வருகிறது. வக்கீல் போனை எடுப்பதில்லை. எடுத்தால், "லிஸ்டில் வந்ததே எனக்குத் தெரியாது" என்கிறார். இந்த நிலையில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்துவிட்டது. ஆனால் கோர்ட் வளாகத்தில் இன்னும் பழைய எண்களில்தான் பேச்சு நடக்கிறது என்பதால் இரண்டையும் தருகிறேன்.

வக்கீல் சரியாக வாதாடவில்லை என்று சொல்லி, முடிந்துபோன அப்பீலைத் திறக்கலாமா?

அதை மட்டும் சொல்லித் திறக்க முடியாது. குறுக்கே நிற்பது பழைய 362-ஆம் பிரிவு, இப்போதைய 403. தீர்ப்பில் கையெழுத்துப் போட்ட பிறகு எழுத்துப் பிழை, கூட்டல் கழித்தல் பிழை தவிர வேறு எதையும் அந்த கோர்ட்டே திருத்தக் கூடாது என்கிறது அது. சிவிலில் இருப்பது போல கிரிமினலில் ஹைகோர்ட்டுக்குத் தன் தீர்ப்பை மறுசீராய்வு செய்யும் அதிகாரம் இல்லை. 482 (இப்போது 528) என்ற உள்ளார்ந்த அதிகாரத்தைக் காட்டி இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போக முடியாது என்று சுப்ரீம் கோர்ட் பலமுறை சொல்லிவிட்டது.

ஆனால் "வக்கீல் மோசமாக வாதாடினார்" என்பது வேறு, "என் தரப்பைக் கேட்கவே இல்லை" என்பது வேறு. முதலாவது தீர்ப்பின் மேல் உள்ள குறை. அதற்கு மேல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். இரண்டாவது, தீர்ப்பு பிறந்த விதத்திலேயே உள்ள குறை. தீர்ப்பைத் திரும்பப் பெறுங்கள் என்று அதே கோர்ட்டில் கேட்க அதில் இடம் இருக்கிறது. என்னிடம் வருகிற பத்துக் குடும்பங்களில் எட்டு, இரண்டாவது குறை கையில் இருந்தும் முதலாவதைப் பற்றியே ஆத்திரமாகப் பேசிக்கொண்டிருக்கும்.

திரும்பப் பெறுவதற்கும் மறுசீராய்வுக்கும் என்ன வித்தியாசம்? எல்லாம் ஒன்றுதானே?

விஷ்ணு அகர்வால் வழக்கில் 2011-இல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகப் பிரித்தது. அலகாபாத் ஹைகோர்ட்டில் ஒரு ரிவிஷன், அதாவது கீழ் கோர்ட் உத்தரவைச் சரிபார்க்கக் கேட்கும் மனு. வழக்கு கம்ப்யூட்டர் லிஸ்டில் இருந்தது, முதன்மை லிஸ்டில் இல்லை. வக்கீல் கவனிக்கவில்லை, எதிர்த்தரப்பை மட்டும் கேட்டு உத்தரவு போட்டுவிட்டார்கள். பிறகு ஹைகோர்ட்டே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. 362 குறுக்கே நிற்கிறது என்று எதிர்த்தரப்பு சுப்ரீம் கோர்ட் வரை போனது. மறுசீராய்வில் தீர்ப்பின் சரி தப்பைப் பார்க்கிறோம்; திரும்பப் பெறும்போது அதைப் பார்ப்பதே இல்லை, ஒரு தரப்பைக் கேட்காமல் போட்ட உத்தரவு என்பதால் எடுத்துவிட்டு மறுபடி கேட்கிறோம், அவ்வளவுதான் என்றது சுப்ரீம் கோர்ட்.

ஆகவே உங்கள் மனுவின் முதல் பக்கத்திலேயே "சாட்சியத்தைத் தவறாக மதிப்பிட்டுவிட்டார்கள்" என்று ஆரம்பித்தால், அது மறுசீராய்வு மனு என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

வக்கீல் வராவிட்டால் கோர்ட் தானாக அப்பீலை முடித்துவிடலாமா?

இதற்கான அடிப்படைத் தீர்ப்பு பானி சிங் வழக்கு, 1996, மூன்று நீதிபதிகள் அமர்வு. வக்கீல் வரவில்லை என்பதற்காக மட்டும் கிரிமினல் அப்பீலைத் தள்ளுபடி செய்யக் கூடாது. கீழ் கோர்ட் ஆவணங்களையும் தீர்ப்பையும் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதே மூச்சில், ஒத்திவைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்றது. அப்பீல்தாரர் ஜெயிலில் இருந்து, நேரில் வர முடியாதவராக இருந்தால், ஒத்திவைப்பது நல்லது. அரசு செலவில் ஒரு வக்கீலை அமர்த்திக்கொள்ளவும் தடை இல்லை.

பிறகு 2011-இல் அசாமிலிருந்து சுகுர் அலி வழக்கு வந்தது. வக்கீலை மாற்றியிருந்தார்கள், காஸ் லிஸ்டில் (அன்று விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியல்) புது வக்கீலின் பெயர் வராமல் பழையவர் பெயரே வந்தது, யாரும் ஆஜராகவில்லை, அப்பீல் முடிந்துவிட்டது. வக்கீல் இல்லாமல் கிரிமினல் அப்பீலை அப்பீல்தாரருக்கு எதிராக முடிக்கக் கூடாது, கோர்ட்டுக்கு உதவ ஒருவரை அமிக்கஸாக நியமிக்க வேண்டும் என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். படிக்க நெஞ்சுக்கு இதமான தீர்ப்பு. ஆனால் 2013-இல் கே.எஸ்.பாண்டுரங்கா வழக்கு, பானி சிங்கைக் கவனிக்காமல் அது சொல்லப்பட்டது என்று ஓரங்கட்டிவிட்டது. சுகுர் அலியை மட்டும் நம்பி மனுப் போட்டால் அரசு வக்கீல் முதல் வரியிலேயே பாண்டுரங்காவை எடுத்து நீட்டுவார்.

அப்படியானால் என் வழக்கு எந்த ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தீர்ப்பின் சர்டிஃபைடு காப்பியை வாங்குங்கள். வக்கீலோ உறவினரோ வாயால் சொன்னதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். கையில் வந்ததும் முதல் பக்கத்தில் வழக்கு எண்ணுக்கும் தரப்பினர் பெயருக்கும் கீழே பாருங்கள். அப்பீல்தாரருக்காக யார், அரசுக்காக யார் என்று இரண்டு வரி இருக்கும். அப்பீல்தாரர் வரியில் உங்கள் வக்கீலின் பெயரா, "நோ அப்பியரன்ஸ்" என்றா, உங்களுக்குத் தெரியாத ஒரு பெயரா? தெரியாத பெயர் என்றால் அது பெரும்பாலும் கோர்ட் நியமித்த அமிக்கஸ் அல்லது இலவச சட்ட உதவி வக்கீல்.

அடுத்து, உள்ளே "அப்பீல்தாரர் தரப்பு வாதம்" என்று பத்தி இருக்கிறதா, அதில் அப்பீல் மனுவில் எழுதிய காரணங்களையே எடுத்துப்போட்டிருக்கிறார்களா, நேரில் சொன்ன வாதமா என்று பாருங்கள். பிறகு ஹைகோர்ட் இணையதளத்தில் வழக்கின் நிலையைத் திறந்து, கடைசியாக வந்த நாலைந்து தேதிகளின் தினசரி உத்தரவுகளை இறக்கிக்கொள்ளுங்கள். முந்தைய வாய்தாவில் "கடைசி வாய்ப்பு" என்று எழுதியிருக்கிறதா, அப்பீல்தாரருக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னார்களா, அந்த நோட்டீஸ் எந்த முகவரிக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஜாமீன் பத்திரத்தில் எழுதிய வாடகை வீட்டைக் காலிசெய்து வெகுகாலம் ஆகியிருக்கும். நோட்டீஸ் "விலாசத்தில் இல்லை" என்று திரும்பியிருக்கும். உங்களுக்குச் சாதகமான கட்டமும் அதுதான், பாதகமான கட்டமும் அதுதான். முகவரி மாறியதைச் சொல்லாதது உங்கள் குறை என்பார்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் மூன்று ரகம். வராததற்காகவே தள்ளுபடி செய்திருந்தால், பானி சிங்கே உங்களுக்குப் போதும். திறப்பது ஒப்பீட்டளவில் சுலபம். ஆவணங்களைப் படித்து, யாரையும் கேட்காமல் முடித்திருந்தால் வாதாட இடம் இருக்கிறது. சில அமர்வுகள் திறக்கும், சில "மேலே போங்கள்" என்று அனுப்பிவிடும். அமிக்கஸ் வாதாடி முடித்திருந்தால் ஹைகோர்ட்டிலேயே திறப்பது மிகக் கடினம். அன்று காலையில் நியமித்து அன்று மதியமே வாதாட வைத்திருந்தால் மட்டும் அதையே ஒரு காரணமாக வைக்கலாம்.

வக்கீல் ஆஜரானார். ஆனால் குற்றமற்றவர் என்று வாதிடாமல் தண்டனையைக் குறைக்க மட்டும் கேட்டிருக்கிறார். நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே?

அடிக்கடி நடப்பதுதான். தீர்ப்பில் "தண்டனையின் அளவைப் பற்றி மட்டும் வாதிடுவதாக வக்கீல் தெரிவித்தார்" என்று ஒரு வரி வந்துவிட்டால் அதை அசைப்பது பெரும்பாடு. கோர்ட்டில் என்ன நடந்தது என்பதற்கு நீதிபதி எழுதியதே முடிவு, மேல் கோர்ட்டில் போய் வக்கீல் அப்படிச் சொல்லவில்லை என்று மறுக்க முடியாது என்பது 1982-இல் ராம்தாஸ் நாயக் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வகுத்த விதி. தவறாகப் பதிவாகியிருந்தால், நினைவு பசுமையாக இருக்கும்போதே அதே நீதிபதியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எனவே சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடுவதற்கு முன் அதே அமர்வில் ஒரு மனு. அந்த வக்கீலே "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றோ, "கட்சிக்காரரைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்" என்றோ பிரமாணப் பத்திரம் கொடுத்தால் மனுவுக்கு உயிர் வரும். கொடுப்பாரா என்பது வேறு விஷயம்.

விசாரணை கோர்ட்டிலேயே வக்கீல் சொதப்பிவிட்டார். முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணையே செய்யவில்லை.

அப்பீல் இன்னும் நிலுவையில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கூடுதல் சாட்சியம் கேட்கும் பிரிவு (பழைய 391, புதிய 432) கையில் இருக்கிறது. அப்பீல் முடிந்த பிறகு அந்தக் கதவு மூடிவிடும்.

ஆனால் "புது வக்கீல் வந்தார், பழையவர் கேட்காததைக் கேட்க வேண்டும் என்கிறார்" என்ற அளவில் கோர்ட் இறங்கி வராது. 2014 டிசம்பரில் டெல்லியில் ஊபர் டாக்ஸியில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில் இதுதான் நடந்தது. முந்தைய வக்கீலுக்குத் திறமை போதாது என்று சொல்லி, புது வக்கீல் சாட்சிகளைத் திரும்ப அழைக்கக் கேட்டார். டெல்லி ஹைகோர்ட் 13 சாட்சிகளை அழைக்க அனுமதித்தது. 2015 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. வக்கீல் மாறுவது ஒரு காரணமே அல்ல. அப்படி அனுமதித்தால் எந்த வழக்கும் முடியாது, சாட்சி சொன்னவர்களுக்கு, அதிலும் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு, கோர்ட் ஏறுவதே தண்டனையாகிவிடும் என்பது அதன் சாரம். பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்த்தால் அதில் உள்ள நியாயம் எனக்கும் புரிகிறது.

கோர்ட் இறங்கி வந்த வழக்குகள் எப்படிப்பட்டவை? அனோகிலால் வழக்கு: மத்தியப் பிரதேசத்தில் 2013 பிப்ரவரி 19-இல் சட்ட உதவி வக்கீலை நியமித்து, அன்றே குற்றச்சாட்டும் வனைந்து, மார்ச் 4-இல் தீர்ப்பு, அதுவும் மரண தண்டனை. 2019-இல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்து முதலிலிருந்து விசாரிக்க உத்தரவிட்டது. ஆயுள், மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளில் பத்தாண்டு அனுபவம் உள்ளவரைத்தான் நியமிக்க வேண்டும், தயாராவதற்குக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றும் சொன்னது. 2024 டிசம்பரில் வந்த அசோக் வழக்கும் அப்படித்தான். உத்தரப் பிரதேசம், ஆரம்ப சாட்சிகள் கூண்டில் ஏறியபோது குற்றம்சாட்டப்பட்டவருக்கு வக்கீலே இல்லை, முக்கியமான சாட்சியங்களை, கோர்ட் அவரிடமே விளக்கம் கேட்கும் 313-ஆம் பிரிவுக் கேள்விகளில் அவர் முன் வைக்கவும் இல்லை. சுப்ரீம் கோர்ட் விடுதலையே செய்துவிட்டது. குற்றம்சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லை என்றால் அதைக் கோர்ட்டுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது அரசு வக்கீலின் கடமை என்றும் அதில் வருகிறது.

இரண்டிலும் வக்கீலின் திறமைக்கு யாரும் மார்க் போடவில்லை. தேதிகளும் வருகைப் பதிவும் தாமாகவே பேசின. உங்கள் வழக்கிலும் தேட வேண்டியது அதைத்தான்: எந்தத் தேதியில் வக்காலத்து, எந்தத் தேதியில் முதல் சாட்சி, எந்தச் சாட்சிக்கு எதிரே "குறுக்கு விசாரணை இல்லை" என்று எழுதியிருக்கிறது.

செக் கேஸ். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தண்டனை, செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் தள்ளுபடி. அங்கேயே திறக்கலாமா?

செஷன்ஸ் கோர்ட்டுக்கு உள்ளார்ந்த அதிகாரம் கிடையாது. 528 ஹைகோர்ட்டுக்கு மட்டும்தான். நீங்கள் ஹைகோர்ட்டில் ரிவிஷன் போட வேண்டும், காலக்கெடு 90 நாள். வக்கீல் வரவில்லை என்று தள்ளுபடி செய்திருந்தால் பெரும்பாலும் ரிவிஷனில் அதை ரத்து செய்து, மறுபடி கேட்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். செக் கேஸ் என்றால் தொகையில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார்கள். பணத்துக்கு வழி செய்துகொண்டு போங்கள்.

அன்று கோர்ட் புறக்கணிப்பு. அதனால்தான் வக்கீல் போகவில்லை.

புறக்கணிப்பைக் காரணமாகச் சொல்லி எந்த நிவாரணமும் உரிமையாகக் கேட்க முடியாது. வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002-இல் ஹரிஷ் உப்பல் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. ஆனாலும் நடைமுறையில், அன்று அந்த கோர்ட்டில் யாருமே ஆஜராகவில்லை என்று காட்ட முடிந்தால் அமர்வு கொஞ்சம் இளகும்.

பழைய வக்கீல் கேஸ் கட்டைத் தர மாட்டேன் என்கிறார். பாக்கி ஃபீஸ் கேட்கிறார்.

ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை. 2000-இல் ஆர்.டி.சக்சேனா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்த்துவைத்த விஷயம் இது. பாக்கி இருந்தால் அவர் சிவில் வழக்குப் போட்டு வசூலிக்கலாம். எழுத்தில், பதிவுத் தபாலில் கேளுங்கள். அந்தத் தபால் ரசீதே பின்னால் உங்கள் தாமதத்துக்கு விளக்கமாக உதவும். அதே நேரம் கட்டு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் சர்டிஃபைடு காப்பி போடலாம். தண்டனைத் தீர்ப்பின் முதல் நகல் இலவசம் (பழைய 363, புதிய 404).

சரண் அடையாமலேயே மனுப் போடலாமா?

அப்பீல் தள்ளுபடியானதும் ஜாமீன் போய்விடுகிறது. மனுப் போட்டதாலேயே வாரன்ட் நின்றுவிடாது. தலைமறைவாக இருந்துகொண்டு "என்னைக் கேட்கவில்லை" என்று சொல்பவரைப் பார்த்து எந்த நீதிபதியும் இரக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. சுப்ரீம் கோர்ட்டிலோ விதியே இருக்கிறது: சரணடைந்த சான்றைக் காட்ட வேண்டும், அல்லது அதிலிருந்து விலக்குக் கேட்டுத் தனி மனுப் போட வேண்டும்.

சுப்ரீம் கோர்ட்டுக்கு எவ்வளவு நாளுக்குள் போக வேண்டும்?

ஹைகோர்ட் தீர்ப்பிலிருந்து 90 நாளுக்குள் சிறப்பு அனுமதி மனு. தாமதமானால் மன்னிப்பு மனு சேர்த்துப் போட வேண்டும். ஹைகோர்ட்டில் திரும்பப் பெறும் மனு நிலுவையில் இருக்கும் நாட்கள் இந்தக் கணக்கிலிருந்து தானாகக் கழியாது. பலர் விழுகிற குழி இது. ஒரு வருடம் அங்கே காத்திருந்து, அது தள்ளுபடியான பிறகு டெல்லிக்குப் போகிறார்கள். அதனால் இரண்டு மனுவையும் கூடவே தயார் செய்யச் சொல்லுங்கள். சுப்ரீம் கோர்ட் அப்பீலை எடுத்துக்கொண்டு, "கேட்காமல் முடித்தது சரியல்ல, மறுபடி கேளுங்கள்" என்று ஹைகோர்ட்டுக்கே திருப்பி அனுப்புவதும் உண்டு. அதுவும் அப்பீலைத் திறப்பதுதான், வழி மட்டும் டெல்லியைச் சுற்றி வருகிறது.

வெளிநாட்டில் இதற்குத் தனி மனுவே இருக்கிறதாமே?

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறது. அங்கே அப்பீல் வக்கீலின் திறமைக்குறைவைச் சொல்லி அப்பீலை மறுபடி திறக்கக் கேட்க 26(பி) என்று ஒரு விதி. 1992-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் மர்னஹன் வழக்கில் இதற்கு ஒரு வழி வேண்டும் என்று சொன்னது. அடுத்த வருடம் விதியே வந்துவிட்டது. தீர்ப்புப் பதிவாகி 90 நாளுக்குள், பத்துப் பக்கத்துக்குள் மனு இருக்க வேண்டும். தாமதத்துக்கு வலுவான காரணம் இல்லாவிட்டால் படிக்கவே மாட்டார்கள். அளவுகோல், 1984-இல் ஸ்ட்ரிக்லண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்தது: வக்கீலின் வேலை நியாயமான தரத்துக்குக் கீழே இருந்ததா, அது இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான்.

நமக்கு அப்படி ஒரு விதி இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆண்டுக்கணக்கில் அப்பீல்கள் தேங்கி, இடையில் வக்கீல் இறந்துபோய், நீதிபதியாகி, தொழிலையே விட்டுப்போகிற ஊரில் அது அங்கே இருப்பதைவிட இங்கேதான் அதிகம் தேவை.

வக்கீல் மேல் புகார் கொடுத்தால் வழக்குக்கு உதவுமா?

உதவாது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவில், தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் தொழில் ஒழுங்கீனப் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது; வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பார் கவுன்சில் புகாரும் முடிய நாளாகும், முடிந்தாலும் அப்பீல் திறக்காது. அதோடு, ஆஜராகாததற்கான காரணத்தைச் சொல்லிப் பிரமாணப் பத்திரம் தரக்கூடிய ஒரே ஆள் அந்த வக்கீல்தான். முதல் நாளே புகார் அடித்து அவரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள்.

கையில் காசில்லை. ஆள் ஜெயிலில்.

காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. ஜெயிலிலேயே சட்ட உதவி மையத்தில் மனு எழுதிக் கொடுக்கலாம். வெளியே இருந்து 15100 எண்ணில் கூப்பிடலாம். சென்னைக்கும் மதுரைக் கிளைக்கும் தனித்தனியாக ஹைகோர்ட் சட்டப் பணிகள் குழு உண்டு. சுப்ரீம் கோர்ட்டிலும் ஒன்று உண்டு. இலவச வக்கீல் என்றால் மட்டம் என்ற நினைப்பு வேண்டாம்; ஆனால் கட்டைப் படித்தாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காசு வாங்கும் வக்கீலிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

தேதிகள். அப்பீல் போட்ட தேதி, தண்டனை நிறுத்திய தேதி, கடைசியாக வக்கீலைப் பார்த்த தேதி, ஃபீஸ் கொடுத்ததற்கு ஜிபே, வங்கிக் கணக்கு எதுவானாலும் அதன் சான்று, "கேஸ் எப்போ வரும் சார்?" என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் கேட்டதும் அவர் பதில் போட்டதும் போடாததும், அப்பீல் பட்டியலுக்கு வந்த தேதிகள், தீர்ப்புத் தேதி, அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது, தெரிந்த நாளிலிருந்து மனுப் போடும் நாள் வரை என்ன செய்தீர்கள். கடைசியாகச் சொன்ன இந்த இடைவெளியில்தான் அரசு வக்கீல் கை வைப்பார். அதன் பிறகு ஒரே ஒரு பக்கத்தில், உங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று இரண்டு மூன்று வலுவான விஷயம்: பார்த்த சாட்சி சொன்ன நேரமும் பிரேதப் பரிசோதனை நேரமும் ஒத்துப்போகாதது போல. நீளமாக வேண்டாம், கேட்பதற்கு விஷயம் இருக்கிறது என்று அமர்வுக்குத் தெரிந்தால் போதும்.

எழுதக் கூடாதது: நீதிபதி மேல் குறை. பழைய வக்கீல் எதிர்த்தரப்போடு கைகோத்துவிட்டார் என்ற சந்தேகம், கையில் ஆதாரம் இல்லாவிட்டால்.

மனு ஏற்கப்பட்டால் அன்றே வெளியே வந்துவிடலாமா?

இல்லை. தீர்ப்பைத் திரும்பப் பெற்றால், அப்பீல் பழைய எண்ணிலேயே கோப்புக்குத் திரும்பும், அவ்வளவுதான். பழைய தண்டனை நிறுத்திவைப்பும் கூடவே வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே உத்தரவில் அதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 430 (பழைய 389) கீழ் புதிதாக மனுப் போட வேண்டும். புது வக்காலத்தும் அன்றே தாக்கலாக வேண்டும், காஸ் லிஸ்டில் புது வக்கீலின் பெயர் ஏறிவிட்டதா என்று அடுத்த வாரமே ரிஜிஸ்ட்ரியில் பார்த்துவிடுங்கள்.